திருப்பிச் சொல்லும் நாற்காலி

போடிநாயக்கனூர்,
15-7-1957

மேன்மை தங்கிய மலை உறுப்பினர் சந்திரவல்லி அவர்களுக்கு,

நான் நலமில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்ததே காரணம்.

சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில், கைவைத்த பிரம்பு நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். என் சிலேட்டுக்குச்சிகளில் பாதியைத் தின்றே வளர்ந்தவள். "சாராள் எங்க?" என்று நீ கேட்டதும் காதில் விழுந்தது. அம்மா காபி டம்ளரை என் கையில் திணித்து, "அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுடி" என்றாள். எனக்கு உடனே வயிற்றுவலி வந்துவிட்டது. சங்கம் இதுவரை எந்த நோட்டீசிலும் மருந்து எழுதாத வயிற்றுவலி.

சங்கத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். இலவச நல்வாழ்வு விளக்கச் சங்கம் என்று பலகை எழுதி எங்கள் வீட்டு வாசலில் மாட்டிய நாளிலிருந்து நான்தான் அதற்குத் திரைமறைவு உறுப்பினர். தலைவர் பிச்சைமணி டாக்டர். தலையை ஆட்டினால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று பொருள். பொருளாளர் மொக்கச்சாமி வாத்தியார்; அந்தப் பொருளைக் கடைசியாகப் புரிந்துகொள்கிற ஆள். செயலாளர் என் அப்பா, ஏலக்காய்க் கடை யோசேப்பு. செயல் எல்லாம் அம்மா பார்க்க, ஆளாக மட்டும் அப்பா இருப்பார். மலையிலிருந்தும் தேவாரம் பக்கமிருந்தும் சனங்கள் கார்டில் நோயைக் கேட்டு எழுதுவார்கள். மூவரும் சேர்ந்து பதில் எழுதுவார்கள். பலரும் கேட்கிற கேள்வி என்றால் பதிலை நோட்டீசாக அச்சடிப்பார்கள்.

அச்சுக்கு முன்னால்தான் டாக்டருடைய விதி இருக்கிறது. வைத்தியம் படிக்காத ஒருத்தர் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டுத் தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது டாக்டர் நினைத்ததோடு பொருந்தினால்தான் கையெழுத்து. ஒன்றரை வருசம் அந்த ஒருத்தர் யார் தெரியுமா? ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து, கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, பேதி முதல் படுக்கைப்புண் வரை திருப்பிச் சொன்னவள் நான். ஒரு தடவைகூட நான் தவறியதில்லை.

எனக்கு மூட்டை. உனக்கு நாற்காலி. எதற்காக? குடற்புழு நோட்டீசின் பின்பக்கத்தில் நீ ஒரு வரி எழுதி அனுப்பினாயாம்: "சோப்பினால் கழுவு என்கிறீர்கள், எங்கள் லயத்து வீடுகளில் சோப்பு இல்லை, சாம்பல் போதுமா?" அதை டாக்டர் நாலு தடவை வாசித்தார். "இந்தப் பிள்ளைதான்யா நமக்கு வேணும்" என்றார். ஏலக்காயை மணி அடித்து ஏலம் போடுகிற ஊரில் என் இடத்தையும் ஏலத்தில் விட்டுவிட்டார்கள், எனக்கு மணி அடிக்காமலே.

நன்றாக உட்கார். நாற்காலியின் இடதுகால் ஆடும். ஆட்டியது நான்தான்.

இப்படிக்கு,
மூட்டை உறுப்பினர் சாராள்


போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டம், இரண்டாம் டிவிசன்,
20-7-1957

சாராளுக்கு,

உன் கடிதத்தை ராக்கையா அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்தார். மழையில் நனைந்து பாதி எழுத்துக் கரைந்திருந்தது. திட்டு மட்டும் கரையவில்லை.

நாற்காலி ஆடியது. நான்தான் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து, இரண்டு மணி நேரம் காலை ஊன்றிக்கொண்டே இருந்தேன்.

அந்த இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னைப் பெற்ற அப்புவே அன்றைக்கு ரொம்பச் சத்தம் போட்டார். "கங்காணி மக கீழ போயி படிச்சவுக சபையில என்னத்தப் பேசப் போறா? சிரிக்கப் போறாக" என்றார். ஆத்தா பெட்டியைத் திறந்து அவள் கல்யாணச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். நீ கதவிடுக்கில் அதைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

நீ பொறாமை என்று எழுதவில்லை, ஆனால் தாள் முழுக்க அதுதான் இருக்கிறது. அதனால் நானும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் நீ ஒன்பதாம் வகுப்புக்கு ரிப்பன் கட்டிப் போனாய். நான் கம்பளியைத் தலையில் போட்டு ஏலக்காய் எடுக்கப் போனேன். முதல் மார்க்கு நான்தான் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? இப்போது உன் வகுப்பில் யார் முதல் மார்க்கு என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீதான் என்று எழுதிவிடாதே.

இங்கே காய் பொறுக்கும்போது பெண்களுக்கு நோட்டீசுகளை வாசித்துக் காட்டுகிறேன். சோலையம்மாள் அக்காதான் அதிகம் கேட்பாள். அவளுக்கு ஆறு மாதப் பையன் இருக்கிறான், மழை தொடங்கியதிலிருந்து இருமுகிறான். பிள்ளை இருமலுக்கு ஒரு நோட்டீசு தயாராவதாக டாக்டர் சொன்னார். எழுதியதும் அதன் நகல் ஒன்று எனக்கு அனுப்புவாராம்.

அடுத்த தடவை காபியை நீயே கொண்டுவா.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்,
12-8-1957

அன்புள்ள, ஆனால் ஆளைக் காணாத சந்திரவல்லிக்கு,

முதல் மார்க்கு நான் இல்லை. செல்லக்கனி. போதுமா? சோறு சாப்பிடு.

சனிக்கிழமைக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்கு முந்தின கூட்டத்தையும்தான். ஆனால் அன்றைக்கு நீ இருந்தாய். எல்லாரையும் போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. 'மூன்றாம் டிவிசன் வேலுத்தாய்' என்று ஒருத்தி கார்டு எழுதியிருந்தாள் அல்லவா? என் புருசன் மாமியார் முகத்தைப் பார்த்ததும் ஏழு தும்மல் தும்முகிறார், எட்டாவது வருவதில்லை, இது எந்த நோய் என்று? நான் உள்ளே தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன். மொக்கச்சாமி வாத்தியார், "மாமியார் தலையில என்ன எண்ணெய் தேய்க்கிறாகன்னு விசாரிக்கணும்" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். தீர்மானம்: மலை உறுப்பினர் நேரில் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நீயும் "சரிங்கய்யா" என்றாய். அந்த வேலுத்தாய் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? ஏன் என்னைக் கேட்கிறாய்?

சரி, முந்தாநாள் கதைக்கு வருகிறேன். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. நாற்காலி காலி. அப்பா தெருவில் போய்ப் பார்த்தார். ராக்கையா ஜீப்பு வந்து நிற்கிறது. நீ அதில் இல்லை. அச்சகத்துக்காரர் வேறு, தாளை இன்றைக்குக் கொடுத்தால்தான் ஆயிற்று, அப்புறம் கல்யாணப் பத்திரிகை வேலை வந்துவிடும் என்று வாசலில் நிற்கிறார். டாக்டர், "சாராளைக் கூப்பிடுங்க" என்றார்.

நான் நடந்து வரவில்லையடி, மிதந்து வந்தேன். மூட்டைமேல் உட்காரப் போனேன். "நாற்காலியில உக்காரும்மா" என்றார் டாக்டர். உட்கார்ந்தேன்! வாசித்தேன், கவிழ்த்தேன், ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னேன். டாக்டர் என் முதுகில் தட்டி, "கற்பூரம்யா" என்றார். மூன்று கையெழுத்தும் விழுந்தது. நீ இருந்தால், "அது எப்படிங்கய்யா, இது எதுக்குங்கய்யா" என்று விளக்கு வைக்கிற வரைக்கும் இழுத்திருப்பாய்.

உன்னை எல்லாரும் விசாரித்தார்கள். நானும்தான். கொஞ்சம் மெதுவாக.

சாராள்


இரண்டாம் டிவிசன்,
15-8-1957

சாராள்,

மூன்றாம் டிவிசனில் வேலுத்தாய் என்று யாரும் இல்லை. சனிக்கிழமை காலை அங்கே தேடி இல்லை என்றதும், மேல் டிவிசனாக இருக்குமோ என்று அதற்கும் ஏறினேன். கால் முழுக்க அட்டை. திரும்பி மெட்டுக்கு வருவதற்குள் ஜீப்பு போய்விட்டது. தும்முகிறவர் வீட்டைத் தேடி நான் கதவு கதவாகப் போனதைப் பார்த்து லயத்துச் சனம் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

நீ திருப்பிச் சொன்னது இருமல் நோட்டீசா? அந்த நகல் எனக்கு வந்தது. அதில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வை. உன் அப்பாவிடம் உடனே சொல். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்,
19-8-1957

சந்திராவுக்கு,

இந்தக் கார்டில் இடம் கொஞ்சம்தான். நோட்டீசு அச்சாகிவிட்டது. கட்டு கட்டி ராக்கையா அண்ணனிடம் கொடுத்தாயிற்று. நான் திருப்பிச் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை என்று டாக்டரே சொன்னார். நான் செய்ததில் நொட்டை கண்டுபிடிக்காமல் உன்னால் இருக்க முடியாதா?

சா.


இரண்டாம் டிவிசன்,
3-9-1957

சாராளுக்கு,

நொட்டை என்ன என்று இப்போது சொல்கிறேன்.

கட்டு வந்த அன்று, ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் கணக்குப்பிள்ளை நோட்டீசை உரக்க வாசித்தார். "இருமல் உள்ள குழந்தையை ஈரமில்லாத, அனலான, காற்றுப் புகாத அறையில் வைக்கவும்." நான் முன்னால் போய், "கொஞ்சம் பொறுங்கய்யா, நான் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்" என்றேன். அவர் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "படிச்சவுக மூணு பேரு கையெழுத்துப் போட்டுருக்காக. உங் கையெழுத்து எங்க தாயி?"

என் கையெழுத்து அதில் இல்லை.

எங்கள் லயத்தில் அனலான அறை எது என்று உனக்குத் தெரியுமா? சுவரில் ஈரம் வழியாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. இந்த மலையிலேயே ஈரமில்லாத, அனலான, காற்றுப் புகாத அறை ஒன்றே ஒன்றுதான். காய் உலர்த்துகிற ஸ்டோர். கீழே சூளையில் விறகு எரியும். காய் நிறம் கெடக் கூடாது என்று சன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். சோலையம்மாள் அக்கா சூளை பார்க்கிற மூக்கம்மாளிடம் கெஞ்சி, பையனை அதற்குள் ஒரு சாக்கில் படுக்க வைத்துவிட்டுக் காய் எடுக்கப் போனாள். நோட்டீசு சொன்னபடியே செய்தாள். கதவையும் சாத்தினாள்.

மத்தியானம் மூக்கம்மாள் எட்டிப் பார்த்தபோது பையன் துவண்டு கிடந்தான். சூளைக் குழாயில் விரிசலாம். புகை உள்ளேயே கட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். நான் பொறுக்கும் இடத்திலிருந்து ஓடினேன். மழையில் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அழுதான். பக்கத்து லயத்து மலையாளத்துச் சேச்சி, "மதி மோளே, கரஞ்ஞல்லோ, மதி" என்று, பிள்ளைதான் அழுதுவிட்டானே போதும் என்று, என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் நானும் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

பையன் பிழைத்துவிட்டான். இப்போது பால் குடிக்கிறான்.

நான் சங்கத்தில் கேட்க இருந்தது இவ்வளவுதான்: "அனலான அறைன்னா எது ஐயா?" வேறு வைத்தியம் எதுவும் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு உன் அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் முக்கியமான கூட்டத்துக்கு வரவில்லையாம். வேலுத்தாய் பற்றிய அறிக்கையும் தரவில்லையாம். அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்வது நம்பும்படி இல்லை. கார்டு வந்திருக்கிறதே என்று எழுதியிருக்கிறார். பதினான்காம் தேதி என் இடத்தை எடுத்துவிடுவது பற்றிப் பேசுவார்களாம். அப்பு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நாந்தான் சொன்னேன்ல" என்றார்.

அன்றைக்கு நான் வரப்போவதில்லை. இடம் உனக்கே கிடைக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்க நினைத்தேன். அந்தக் கார்டை எழுதியது யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை, சாராள். கேட்காமலே விட்டுவிடுகிறேன்.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்,
15-9-1957

சந்திராவுக்கு,

நீ கேட்காமல் விட்டதுதான் பெரிய தண்டனை. நானே சொல்கிறேன். நான்தான் வேலுத்தாய்.

உன் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா கடையில் மூட்டைக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு முத்திரையைக் கீழே வைத்தார். "பையன் பிழைச்சுட்டான்ல? சபையில இத நீ சொல்ல வேண்டாம். செயலாளர் மகளே இப்படின்னா ஊரு என்ன பேசும்? நானே பக்குவமா முடிச்சுர்றேன்" என்றார். பக்குவம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீ வராததைக் காட்டி உன்னை எடுப்பார்கள், நாற்காலி எனக்கு வரும். உண்மையை எழுதட்டுமா? அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் "சரிப்பா" என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்துகூடப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து முடியவில்லை. எங்கள் வீட்டு நடு அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகம். திருப்பிச் சொல்லும்போது என் மனதில் இருந்தது இந்த அறைதானே. கட்டில், மெத்தை, சாத்தினால் கதகதப்பு. தாளில் எழுதாததை எல்லாம் நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். நிரப்பிக்கொண்டு, "கற்பூரம்" என்று பட்டமும் வாங்கிக்கொண்டேன்.

நேற்றுக் கூட்டத்தில் உன் பெயரை எடுத்தார்கள். மொக்கச்சாமி வாத்தியார், "வேலுத்தாயைப் போய்ப் பார்க்கக்கூட அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை போல" என்றார். நான் உள்ளே போனேன். "வேலுத்தாய் இங்க இருக்கா சார்" என்றேன். "எங்க?" என்று வாசல் பக்கம் பார்த்தார். கார்டை எப்படி எழுதினேன், இடது கையால் எழுதி ராக்கையா அண்ணனிடம் கொடுத்து மெட்டுத் தபாலில் போடச் சொன்னது, நீ ஜீப்பைத் தவறவிட்டது, நிறுத்தி வை என்று நீ எழுதியும் நான் அப்பாவிடம் சொல்லாதது, ஸ்டோர், சூளை, பையன், எல்லாம் சொன்னேன். வழக்கமாக நான் கதை சொன்னால் கைகால் எல்லாம் பேசும். நேற்றுக் கை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

அப்பா தரையைப் பார்த்தார். டாக்டர் நோட்டீசை எடுத்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், தானே வாசித்தார். பிறகு, "எழுதினது நான்" என்றார். "பிச்சைமணி எழுதுனான், மூணு கிழவன் கையெழுத்துப் போட்டான். இந்தப் பிள்ளை மேல மட்டும் போட்டுட்டுப் போயிற முடியாது." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உம் மேலயும் இருக்கு" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

நோட்டீசுகளை எல்லாம் திரும்ப வாங்க ராக்கையா அண்ணனிடம் சொல்லியாயிற்று. உன் இடம் உனக்கே. இனி உன் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போகாது என்று தீர்மானம். டாக்டர் தலையை ஆட்டவில்லை, வாயால் சொன்னார்.

இன்னொரு தீர்மானம், என்னைப் பற்றி. நீ வர முடியாத நாளில் நான் திருப்பிச் சொல்லலாமா, கூடாதா? இதை மலை உறுப்பினரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்பாவின் கடிதம் தனியே வரும்.

சரி என்று எழுது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆசையாக இருக்கிறது, சந்திரா. இவ்வளவுக்குப் பிறகும் அந்த நாற்காலியில் நீ உட்காரப் போகிறாய் என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிகிறது.

இடதுகாலுக்கு ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்பு வைத்தாயிற்று.

சாராள்


இரண்டாம் டிவிசன்,
30-9-1957

சாராளுக்கு,

நான் வராத நாளில் நீ திருப்பிச் சொல்ல வேண்டாம் என்று எழுதி உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நேற்று முன்தினம் நான் ஜீப்புக்குக் கிளம்பிய பிறகு கூட்டத்தில் வாசித்திருப்பார்கள். அன்றைக்கு நீ காபி கொண்டுவந்து கொடுத்தாய்; அப்போதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

கடிதத்தில் காரணம் இப்படி எழுதினேன்: "சாராள் எதையும் சட்டென்று புரிந்துகொள்கிறாள். குறையாக எழுதினாலும் நிறைவாகப் புரிந்துகொள்கிறாள். இந்த வேலைக்குப் புரியாத ஆள்தான் வேண்டும்." டாக்டருக்கு அது பிடித்திருக்கும்.

அது பாதிக் காரணம்தான். மீதியை அவர்களுக்கு எழுதவில்லை, உனக்கு எழுதுகிறேன். அந்த நாற்காலியைப் பங்கு போட எனக்கு மனமில்லை. உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வருசம் முழுக்க இருக்கிறது. எனக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. அந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். நல்ல காரணம் கையில் இருந்ததால் கெட்ட காரணத்தை அதற்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டேன். இது உன்னிடம் கற்றதாகக்கூட இருக்கலாம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நானும் இன்னும் என்னையே கேட்டுப் பார்க்கவில்லை. காலில் அட்டை கடித்த இடம் ஆறிவிட்டது, அதை மட்டும் சொல்லலாம்.

சோலையம்மாள் அக்காவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். மறைக்கவில்லை. பொறுக்கிக்கொண்டிருந்த காயைத் தட்டில் போட்டாள். பிறகு, "அந்தப் புள்ளைய ஒரு நா மேல வரச் சொல்லு. எங்க வீடு எப்படி இருக்குன்னு வந்து பாக்கட்டும். பாத்துட்டுப் போயி உங்க டாக்டருகிட்டச் சொல்லட்டும்" என்றாள். திட்டத்தான் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டாம் தேதிக் கூட்டம் முடிந்ததும் நான் ராக்கையா அண்ணன் ஜீப்பில் திரும்புவேன். பள்ளிக்கூடம் லீவுதானே, என்னோடு வா. இரண்டு நாள் இரு. ஆத்தா கேழ்வரகுக் களி கிண்டுவாள், உனக்குப் பிடிக்காது, தின்ன வேண்டும். சுவரில் ஈரம் இருக்கும். நீ எதையும் புரிந்துகொள்ள வேண்டாம். பார்த்தால் போதும்.

பொறாமையைக் கீழே வைத்துவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே என்னுடையது தனியாகத்தான் இருக்கிறது, துணைக்கு ஆகும்.

சந்திரவல்லி